பாஸ்டன் மாரத்தானில் ஹாம் ரேடியோ: கிருஷ்ணகிரித் தம்பிக்கு ஒரு பதில்

காவேரிப்பட்டணத்திலிருந்து மேற்படிப்புக்காக பாஸ்டன் கிளம்பும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, என்னிடம் வி.யு.3 லைசென்ஸ் (பொழுதுபோக்காக வயர்லெஸில் பேசும் ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோவுக்கான இந்திய லைசென்ஸ்) இருக்கிறது. மாரத்தான் ஓட்டத்தில் ஹாம் ஆட்கள் தொண்டு செய்வார்களாமே, புதிதாக வந்த என்னைச் சேர்ப்பார்களா? நான் பேசும் ஆங்கிலம் அவர்களுக்குப் புரியுமா?"

சேர்ப்பார்கள் தம்பி, தாராளமாக வாருங்கள். நான் தர்மபுரிக்காரி. இந்த பாஸ்டனில் எனக்குக் கிடைத்த நல்ல பழக்கங்களில் பாதி ரேடியோ வழியாக வந்தவைதான்.

லைசென்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வந்ததும் இங்கே டெக்னீஷியன் என்ற முதல் நிலை ஹாம் தேர்வை எழுதிவிடுங்கள். 35 கேள்வி, 26 சரியாக இருந்தால் பாஸ். கேள்வித் தொகுப்பு முழுவதையும் முன்கூட்டியே வெளியிட்டுவிடுவார்கள். வி.யு.3 தேர்வு எழுதிய உங்களுக்கு மின்சுற்றுப் பகுதி தண்ணீர் பட்ட பாடுதான். இந்த நாட்டு விதிமுறைகளை மட்டும் புதிதாகப் படித்தால் போதும். குடியுரிமை கேட்க மாட்டார்கள். இங்கே ஒரு தபால் முகவரியும் ஒரு மின்னஞ்சலும் வேண்டும், அவ்வளவுதான். லைசென்ஸ் கட்டணம் 35 டாலர், பத்து வருடம் செல்லும். தேர்வு நடத்துகிறவர்களும் சம்பளம் வாங்காத ஹாம் ஆட்கள்தான், பயப்பட ஒன்றுமில்லை.

"கையில் செல்போன் இருக்கும்போது இது எதற்கு?" என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஏப்ரல் மாதம் மூன்றாவது திங்கட்கிழமை, ஹாப்கின்டன் என்ற சின்ன ஊரில் தொடங்கி பாஸ்டன் நகருக்குள் முடிகிறது ஓட்டம். 42.195 கிலோமீட்டர், ஏறக்குறைய 30,000 பேர் ஓடுவார்கள். நம் பக்கம் எருது விடும் விழாவில் தெருவின் இரண்டு ஓரமும் ஜனம் அடைத்துக்கொண்டு நிற்குமே, அப்படி வழி நெடுக நிற்பார்கள். அத்தனை பேர் கையிலும் போன் இருந்தால் டவர் தாங்காது. 2013-ல் முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் குண்டு வெடித்தபோது போன் லைன்கள் திணறிப்போயின, ஓடிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் வழியிலேயே நிறுத்தப்பட்டார்கள். அன்று பணியில் இருந்தவர்கள் இன்றும் அதைப் பேசுவார்கள். இன்னொன்று, போனில் ஒருவர் காதுக்குத்தான் செய்தி போகும். ரேடியோவில் ஒருவர் சொன்னால் அந்த அலைவரிசையில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும்.

உங்களை ஒரு மருத்துவக் கூடாரத்திலோ, ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு போகும் பஸ்ஸிலோ நிறுத்துவார்கள். ஆம்புலன்ஸ் வேண்டும், போர்வை தீர்ந்துவிட்டது, இந்த நம்பர்காரர் ஓட்டத்தை நிறுத்திவிட்டார் – செய்தி இவ்வளவுதான். நெட் கன்ட்ரோலில் இருப்பவர், அதாவது யார் எப்போது பேசலாம் என்று ஒழுங்குபடுத்துகிறவர், அழைத்த பிறகு பேச வேண்டும். நிற்கும் இடத்தின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறையும் பேச்சு முடியும்போதும் உங்கள் கால் சைனை (லைசென்ஸோடு தரும் அடையாளப் பெயர்) சொல்லியாக வேண்டும், அது சட்டம். ஓடுகிறவரின் பெயரையும் நோயையும் காற்றில் விடக் கூடாது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம் இல்லையா? நம்பர் மட்டும் போதும்.

2018-ல் குளிர்மழையும் எதிர்க்காற்றுமாக நாள் முழுக்க அடித்தது. எங்கள் கூடாரத்தில் பளபளக்கும் ஃபாயில் போர்வைக்குள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. மார்பில் குத்தியிருந்த நம்பர் அட்டையின் ஊக்கைக் கழற்றக்கூட விரல் வளையவில்லை. ஒரு அம்மாவின் போன் நனைந்து செத்துப்போயிருந்தது. முடிவுக்கோட்டில் கணவர் காத்திருக்கிறார், நான் விழுந்துவிட்டேன் என்று நினைப்பாரே என்று அழுதார். ஐந்து இலக்க நம்பரை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்தப் பக்கம் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தினார்கள். செய்தி போய்விட்டது என்று நான் சொன்னதும் அந்த அம்மாவின் தோள் தளர்ந்ததே, அதைப் பார்த்த யாரும் இந்த வேலையை விடமாட்டார்கள்.

இப்போது உங்கள் ஆங்கிலம். உச்சரிப்பை மாற்ற வேண்டாம் தம்பி. ரேடியோவில் மதிப்பு வாங்குகிறவர் நிதானமாக, குறைவாக, எண்களைத் தனித்தனியாகச் சொல்கிறவர்தான். இங்கே பிறந்தவர்களிலேயே பதற்றத்தில் எண்களை விழுங்குகிறவர்கள் உண்டு. கிளம்புவதற்குள் ஒரு பயிற்சி செய்யுங்கள். லைசென்ஸ் உள்ள நண்பர் ஒருவரைக் கொஞ்ச தூரத்தில் நிறுத்திவிட்டு, மாலை நெரிசலில் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு ஓரமாக நில்லுங்கள். உள்ளே வரும் பஸ்களின் பதிவு எண்ணை, A-க்கு ஆல்ஃபா, B-க்கு பிராவோ என்று எழுத்துக்கு ஒரு சொல் சொல்லும் முறையில் வாசியுங்கள், அவர் எழுதட்டும். ஹாரன் சத்தத்துக்கு நடுவே அவர் தப்பில்லாமல் எழுதினால், இங்கே எந்தக் கூட்டத்திலும் சமாளிப்பீர்கள்.

காசு கிடைக்குமா என்று யாராவது கேட்டால், கிடைக்காது, வாங்கவும் கூடாது. அமெச்சூர் விதியே அப்படித்தான். ஒரு ஜாக்கெட் தருவார்கள், அதை எல்லாரும் பெருமையாகப் போட்டுக்கொள்வார்கள்.

ஜனவரியில் வந்து ஏப்ரலிலேயே பெரிய ஓட்டத்தில் நிற்க வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். பதிவு மாதக்கணக்கில் முன்பே நடக்கும். முதல் வருடம் உங்கள் பகுதி கிளப்பில் சேருங்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்ற தாத்தாக்கள் இருப்பார்கள்; ஆன்டெனா கட்டுவதிலிருந்து குளிருக்கு எந்த பூட்ஸ் வாங்குவது என்பது வரை கற்றுக்கொடுப்பார்கள். வாரம் ஒரு முறை ரிப்பீட்டரில் (சிக்னலை வாங்கித் தூரத்துக்கு மறுபடி அனுப்பும் நிலையம்) நெட், அதாவது எல்லாரும் ரேடியோவில் கூடிப் பேசும் நேரம், நடக்கும், விடாமல் வருகையைச் சொல்லுங்கள். உங்கள் குரல் பழகிவிட்டால் சின்னச் சின்ன நடை, சைக்கிள் நிகழ்ச்சிகளுக்கு அவர்களே கூப்பிடுவார்கள்.

என்ன ரேடியோ சாமான் வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். 5 வாட் கையடக்க செட் போதும். ஆனால் காதை மூடும் ஹெட்செட்டும் கூடுதல் பேட்டரியும் கட்டாயம் வேண்டும். ஓட்ட வழியில் இருக்கும் வெல்லெஸ்லி கல்லூரி மாணவிகள் போடும் கூச்சலில் ஸ்பீக்கர் சத்தம் எடுபடாது. சாப்பாட்டுக்கு நான் புளியோதரை கட்டிக்கொண்டு போவேன், உங்களுக்கும் சேர்த்துக் கட்டுகிறேன். கால் சைன் வந்ததும் எழுதுங்கள், எங்கள் நெட் நேரத்தைச் சொல்கிறேன்.