வாசகர் கேள்வி – பதில்: மேடையில் பெண்ணின் இடம்

கேள்வி: என் மகள் பன்னிரண்டு ஆண்டுகளாக மிருதங்கம் கற்கிறாள். கச்சேரி வாய்ப்புக் கேட்டுப் போனால், ‘லேடீஸ் கச்சேரி இருந்தால் சொல்லி அனுப்புகிறோம்’ என்கிறார்கள். ஆண்களின் பாட்டுக்கு வாசிக்கப் பெண்ணின் கைக்கு வலு போதாது என்பது உண்மைதானா?
— ஒரு தகப்பனார், மயிலாடுதுறை

பதில்: உண்மை இல்லை. மிருதங்கத்தில் நாதம் முரட்டு அடியால் பிறப்பதில்லை. வலப்பக்கத் தோலான வலந்தலையில் விரல் எங்கே விழுகிறது, விழுந்த விரல் எவ்வளவு விரைவாக விலகுகிறது, இடப்பக்கத் தோலான தொப்பியில் ரவைப் பசை எந்த அளவுக்கு ஒட்டியிருக்கிறது, மணிக்கட்டு அழுந்தி நகரும்போது கும்கி என்னும் இழையும் நாதம் எப்படி எழுகிறது என்பவற்றைப் பொறுத்தே அது அமைகிறது. தங்கள் மகளுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும்.

ஆனால் இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு நடைமுறை இருக்கிறது. பாடகியர் பெரும்பாலும் ஐந்து கட்டை சுருதியை ஒட்டிப் பாடுவதால் அவர்களுக்கு எச்சு சுருதி, அதாவது உயர்ந்த சுருதி, மிருதங்கம் வேண்டும். ஒரு கட்டையை ஒட்டிப் பாடும் ஆண்களுக்குச் சற்று நீளமான தக்கு சுருதி, அதாவது தாழ்ந்த சுருதி, மிருதங்கம் வேண்டும். பெண்ணைப் பெண்களுக்கு மட்டுமே வாசிக்க வைத்தால், தக்கு மிருதங்கத்தை மேடையில் வாசித்துக் கை பழகும் வாய்ப்பே அவளுக்குக் கிடைக்காது. பத்து ஆண்டு கழித்து அவர்களே, ‘தக்கில் கனம் போதவில்லை’ என்பார்கள். வாய்ப்பை மறுத்து உண்டாக்கிய குறையைப் பிறவிக் குறையாகக் காட்டுவது பெரிய அநீதி என்றே நான் கருதுகிறேன்.

புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் பயின்ற திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மிருதங்கக் கச்சேரி செய்தவர். நெடுங்காலம் பெண்களுக்கு வாசிக்காமல் இருந்த பாலக்காடு மணி ஐயரே பின்னர் டி.கே.பட்டம்மாளுக்கு வாசித்தார். கடத்தில் பெயர் பெற்ற சுகன்யா ராம்கோபால், தம்முடன் மேடையேற மிருதங்கக் கலைஞர்கள் மறுத்ததை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். பாட்டில் கூட, மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கிடைத்தது 1968இல்தான், பெற்றவர் எம்.எஸ்.சுப்புலட்சுமி.

பெண் வாசிக்கக் கூடாது என்று எந்தச் சபாவிலும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். செயலாளர் பாடகரைத் தொலைபேசியில் கேட்பார், பாடகர் வழக்கமாக வாசிப்பவரின் பெயரைச் சொல்வார், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். ஆகவே, மகளை நாள்தோறும் தக்கு மிருதங்கத்திலும் சாதகம் செய்யச் சொல்லுங்கள். அவளோடு வளர்ந்த இளம் ஆண் பாடகர்களிடம் நேரிலேயே வாய்ப்புக் கேட்கச் சொல்லுங்கள். உடன் மேடையேறும் பாடகர் ‘எனக்கு இவர்தான் வாசிக்க வேண்டும்’ என்று சொல்லிவிட்டால், எந்தச் செயலாளரும் பெரும்பாலும் மறுப்பதில்லை.

கேள்வி: கச்சேரிக்கு வயலின் வாசிக்கப் போன இடத்தில் சபா நிர்வாகி ஒருவர் தகாத முறையில் நடந்துகொண்டார். நான் அங்கே சம்பளம் வாங்குபவள் அல்லள். சட்டத்தை நாட முடியுமா?
— வாசகி, சேலம்

பதில்: முடியும், அம்மா. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதிக்கப்பட்ட பெண் அந்த இடத்தின் ஊழியராக இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. கலை, பொழுதுபோக்கு சார்ந்த அமைப்புகளும் அதன்படி பணியிடங்களே. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமாக இருந்தாலோ, புகாரே நிர்வாகத்தின் பொறுப்பில் இருப்பவர் மீதாக இருந்தாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் மனுக் கொடுக்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் விவரம் சொல்வார்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை குழு அவகாசம் தரலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். கச்சேரி அழைப்பிதழையும் அவர் அனுப்பிய செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். அன்று உடன் வாசித்தவர்களில் யார் எதைப் பார்த்தார்கள் என்பதை, நினைவு மங்குவதற்குள், தேதியோடு இன்றே எழுதி வையுங்கள்.