முதல் ரீல் வாங்கப் போகிறவருக்கு: ஸ்பின்னிங்கா, பெயிட்காஸ்டரா?

கிருஷ்ணகிரி அணையிலும் பக்கத்து ஏரிகளிலும் தூண்டில் போட ஒரே ஒரு ரீல் வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தர்மபுரிக்காரன், இரண்டு வகையும் வைத்திருக்கிறேன். ஒன்றுதான் என்றால் யோசிக்கவே வேண்டாம், நடுத்தர அளவான 3000 சைஸ் ஸ்பின்னிங் ரீல்.

வீசும்போது ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல், அதாவது தூண்டில் நரம்பு சுற்றிய உருளை, அசையாது. நரம்பு அதன் விளிம்பிலிருந்து உருவிக்கொண்டு போகும். அதனால் ஒரு மண்புழு, தக்கை, சின்ன ஈயம் என்று எடையே இல்லாத இரையும் தூரம் போய் விழும். பெயிட்காஸ்டரில் இரை இழுக்கிற இழுப்பில் ஸ்பூலே சுழல வேண்டும். 7 கிராமுக்குக் கீழே போனால் சாதாரண பெயிட்காஸ்டர் திணறும். இரை வேகம் குறைந்த பிறகும் ஸ்பூல் சுழன்றால் நரம்பு உள்ளேயே குவிந்து சிக்கு விழும். கட்டைவிரலை ஸ்பூல் மேல் வைத்து அடக்கப் பழக வேண்டும். காந்த பிரேக் உதவும், ஆனால் விரல் செய்கிற வேலையை முழுதாகச் செய்யாது. அணைக்கரையில் எதிர்க்காற்று அடிக்கும்போது புதியவருக்கு இது பெரிய பாடு.

அதற்காகப் பெயிட்காஸ்டர் மட்டம் என்று சொல்லவில்லை. விராலுக்கு எனக்கு அதுதான் வேண்டும். ஆகாயத்தாமரை மூடிய ஏரியில் ரப்பர் தவளையை இலை மேல் இழுத்து வரும்போது விரால் பாய்ந்து கவ்வி, அடுத்த நொடி பாசிக்குள் இறங்கும். அங்கே விட்டுப் பிடிக்க நேரம் கிடையாது. 40 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னிய நரம்பு), 7:1 கியர் (கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஏழு சுற்று), டிராக் (மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடி) இறுக்கம், ஒரே இழுப்பு. தவளைக்குப் போதுமான எடை இருப்பதால் வீசுவதிலும் சிரமம் இல்லை.

கட்லா, ரோகுவுக்கு மாவு உருண்டை போட்டுக் காத்திருப்பவர் என்றால் 4000 சைஸ் பெயிட்ஃபீடர் பாருங்கள். அதுவும் ஸ்பின்னிங் வகைதான், பின்னால் ஒரு நெம்புகோல் கூடுதல். அதைத் தட்டிவிட்டால் மீன் இழுக்க இழுக்க நரம்பு தாராளமாகப் போகும், ராடு தண்ணீருக்குள் போகாது. கைப்பிடியைச் சுற்றியதும் முக்கிய டிராக் பிடித்துக்கொள்ளும். பெரிய கட்லா இழுக்கும்போது இதன் அருமை தெரியும்.

ஜிலேபி மீனுக்கு 1000 சைஸ் ஸ்பின்னிங் ரீல் போதும். மூங்கில் கழி இருந்தால் ரீலே வேண்டாம்.

மேலே சொன்ன விரால் வேட்டை தவிர, எந்த ரீலானாலும் டிராக்கை நரம்பின் பலத்தில் கால் பங்குக்கு வையுங்கள். 10 பவுண்டு நரம்பு என்றால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். நரம்பைத் தராசுக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பிரெய்டை வெறும் ஸ்பூலில் சுற்றாதீர்கள், வழுக்கும். அடியில் கொஞ்சம் நைலான் நரம்பு சுற்றிவிட்டு அதன்மேல் சுற்றுங்கள்.

அப்புறம், அணையும் ஏரியும் பெரும்பாலும் குத்தகையில் இருக்கும், கேட்டுவிட்டு உட்காருங்கள். ஒகேனக்கல் பக்கம் காட்டுக்குள் காவிரியில் போடலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 2014 முதல் அந்தக் காடுகளில் பெரும்பகுதி காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம்.