கெட்ட நினைவை விரட்ட வசனம் போதவில்லையே!

அன்புள்ள ஆலோசகருக்கு,

ஸ்தோத்திரம். எனக்கு 54 வயது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஆனால் என் ஓரகத்தியால் நிம்மதி போய்விட்டது.

அத்தை படுக்கையில் கிடந்த காலமெல்லாம் துடைத்து, மாற்றி, ஊட்டிவிட்டது நான். இவள் அடக்க ஆராதனைக்குச் சென்னையிலிருந்து வந்தாள். போகும்போது அத்தையின் இரட்டை வடச் சங்கிலி இவள் கழுத்தில். ‘எனக்குத் தருவதாக அத்தை சொன்னாங்க’ என்றாள். யாரிடம் சொன்னார்கள்? சங்கிலி போகட்டும், எனக்கு நகை ஆசை கிடையாது. போன அசனப் பண்டிகையில், சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்தில், நான் பக்கத்தில் உட்கார வருவதைப் பார்த்ததும் இலையை விட்டுவிட்டு, தண்ணீர்த் தம்ளரை மட்டும் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். ஊரே பார்த்தது.

இந்த நினைப்பு வரும்போதெல்லாம் பிலிப்பியர் 4:8 சொல்லிக்கொள்வேன். ‘உண்மையுள்ளவைகளெவைகளோ, ஒழுக்கமுள்ளவைகளெவைகளோ… அவைகளையே சிந்தித்துக்கொண்டிருங்கள்’ என்று எழுதி ஃப்ரிட்ஜ் கதவிலும் ஒட்டியிருக்கிறேன். பகலில் சமாளித்துவிடுகிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அந்தச் சங்கிலிதான் கண்முன் நிற்கிறது. ஊருக்கெல்லாம் இந்த வசனத்தைச் சொல்கிறவள் நான். என் மகள்கூட, கோயம்புத்தூரில் இருக்கிறாள், நாலு மாதக் கைக்குழந்தை, மூன்றாம் மாதம்தான் கொண்டுபோய் விட்டோம், ஒரு நாள் போனில் ‘குழந்தை அழுதாலும் எனக்கு ஒண்ணுமே தோணலம்மா, எழுந்திருக்கவே பிடிக்கல’ என்று அழுதாள். அவளுக்கும் இதையே வாசித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் ‘நல்லா இருக்கேம்மா’ என்கிறாள். அவளுக்கு வேலை செய்கிற வசனம் எனக்கு ஏன் செய்யவில்லை?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லாருக்கும் பதில் போடுகிறாள், எனக்கு மட்டும் இல்லை. நான் அவளை எப்போதோ மன்னித்துவிட்டேன். அந்தச் சங்கிலியை நினைத்தால்தான் தாங்கவில்லை. என் சிந்தையைச் சத்தியத்தின் பக்கம் திருப்ப வழி சொல்லுங்கள்.

ஒரு சகோதரி

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஓரகத்திதான் நிறைந்திருக்கிறார். மகளுக்கு நாலு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். நான் அந்த நாலு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மகளுக்கு வசனம் வேலை செய்தது என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மாவிடம் சொல்லிப் பயனில்லை என்று வாயை மூடிக்கொண்டிருப்பாரோ என்றுதான் பயப்படுகிறேன். பிரசவமான முதல் நாட்களில் காரணமில்லாத அழுகை பெரும்பாலான தாய்மாருக்கு வருவதுதான். இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். மாதக்கணக்கில் நீடித்து, குழந்தை அழுதும் ஒன்றும் தோன்றாமல் போனால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அது விசுவாசக் குறைவும் அல்ல, பாசக் குறைவும் அல்ல. சிகிச்சையில் குணமாகிற நோய். தாய்ப்பால் கொடுக்கும்போதே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் உண்டு.

இனி உங்கள் வசனம். பவுல் அந்த நிருபத்தைக் காவலில் இருந்தபடி எழுதினார். தன் கட்டுகளைப் பற்றி முதல் அதிகாரத்திலேயே சொல்லிவிடுகிறார். நாலாம் அதிகாரத்தில் நீங்கள் ஒட்டி வைத்த எட்டாம் வசனத்துக்கு முன்னால், இரண்டாம் வசனத்தைப் பாருங்கள். ஒத்துப்போகாத எயோதியாளையும் சிந்திகேயாளையும் பேர் சொல்லி அழைத்து, ஏகசிந்தையாயிருக்கப் புத்தி சொல்கிறார். அவர்களுக்கு உதவி செய்யும்படி இன்னொருவரையும் கேட்டுக்கொள்கிறார். இருந்த பிணக்கைச் சபையறியச் சொன்ன பிறகுதான் ‘சிந்தித்துக்கொண்டிருங்கள்’ வருகிறது. நீங்கள் முன்பகுதியைத் தாண்டி வந்து, எட்டாம் வசனத்தைப் பொங்குகிற பாலுக்கு மூடியாகப் போட்டுவிட்டீர்கள். உங்கள் மனதுக்கும், மகளின் மனதுக்கும்.

வேதம் அழுகிறவர்களை அப்படி மூடுவதில்லை. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து ‘போதும் கர்த்தாவே’ என்று சாகக் கேட்டபோது, வந்த தேவதூதன் உபதேசம் பண்ணவில்லை. தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டிச் சாப்பிடச் சொன்னான். அவர் மறுபடி படுத்துக்கொண்டார். திரும்பவும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ‘இங்கே உனக்கு என்ன காரியம்’ என்ற கேள்வி ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. 88-ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது, கடைசியில் ஒரு ஸ்தோத்திரம்கூடக் கிடையாது. அதையும் வேதத்தில் வைத்துத்தானே இருக்கிறோம்?

மூன்று மணிக்கு உங்களை எழுப்புவது சங்கிலிதானா? எனக்குச் சந்தேகம். சங்கிலியை நினைத்தால் கோபம் வரும், மகளை நினைத்தால் பயம் வரும். கோபப்படுவது சுலபம், அதில் நியாயம் நம் பக்கம் இருக்கும். ‘தன் வழக்கிலே முதல் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான்’ என்கிறது நீதிமொழிகள் 18:17. உங்கள் மனதுக்குள் நடக்கும் இந்த வழக்கில் இதுவரை நீங்கள் மட்டும்தான் பேசியிருக்கிறீர்கள். அத்தை உங்கள் ஓரகத்தியிடம் நிஜமாகவே சொல்லியிருக்கலாம். கேட்டீர்களா? மன்னித்தவர் வாட்ஸ்அப் பதில்களை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அத்தனை நாள் பார்த்துக்கொண்டதற்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை என்பதுதான் வலி என்றால், அது நியாயமான வலி. அதைக் கணவரிடம் சொல்லி அழுங்கள். நகை பேச்சே வேண்டாம்.

மகளிடம் ‘அன்னைக்கு நீ சொன்னதை நான் சரியாகக் கேட்கலம்மா, இப்ப சொல்லு’ என்று கேளுங்கள். சொல்லும்போது குறுக்கே வசனம் வேண்டாம். ‘உனக்கு ஏதாவது பண்ணிக்கணும்னு தோணுதா?’ என்றும் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றாலோ, பதில் சொல்லாமல் மழுப்பினாலோ, மருமகனிடம் சொல்லித் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போகச் செய்யுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

இந்த வாரமே கோயம்புத்தூருக்குக் கிளம்புங்கள். போனதும் பேரக்குழந்தையை நீங்கள் வாங்கிக்கொண்டு, மகளைச் சாப்பிட வைத்துத் தூங்கச் சொல்லுங்கள். மனநல மருத்துவரைப் பார்ப்பதைப் பற்றி மறுநாள் பேசிக்கொள்ளலாம்.