புள்ளியைத் தின்றது ஏஜென்ட், கணக்கை மூடியது விமான நிறுவனம்: கேஸ் யார் மேல்?

கேள்வி: நான் துபாயில் ஏ.சி. மெக்கானிக். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். பல வருடமாக ஊருக்கு வந்துபோகும் டிக்கெட் எல்லாம் எங்கள் ஊர் டிராவல்ஸ் அண்ணன் ஒருவர்தான் போட்டுத் தருவார், எங்கள் சபைக்காரரும்கூட. விமானத்தில் பறந்தால் புள்ளி சேரும் என்று சொல்லி என் பெயரில் அவரே ஒரு உறுப்பினர் கணக்கு தொடங்கினார். இந்த முறை மனைவியையும் 9 வயது மகனையும் அந்தப் புள்ளியில் அழைத்துப் போகலாம் என்று கேட்டால், "அது காலாவதி ஆயிட்டு" என்றார். அந்த வளைகுடா விமான நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டபோதுதான் தெரிந்தது, 60,000 புள்ளிக்கு மேல் எடுத்து எனக்குத் தெரியாத இரண்டு பேருக்கு டிக்கெட் போட்டிருக்கிறார்கள். நான் புகார் சொன்னதும் விதிமீறல் என்று என் கணக்கையே முடக்கி, மிச்சப் புள்ளியையும் ரத்து செய்துவிட்டார்கள். கடைசியில் காசு கொடுத்தே டிக்கெட் எடுத்தோம். மூன்று பேரும் சேர்ந்து இருக்க சீட்டுக்கென்று தனியாக 7,200 ரூபாய் கட்டினோம், போர்டிங் பாஸில் பார்த்தால் மகன் எங்கேயோ பின்வரிசையில். திருவனந்தபுரம் விமான நிலைய லவுஞ்சில் (ஓய்வறையில்) அந்த உறுப்பினர் கணக்கின் சில்வர் கார்டும் எடுபடவில்லை, வங்கி கிரெடிட் கார்டும் எடுபடவில்லை. சீட் மாற்றினால் 75 சதவீதம் பணம் திரும்பக் கிடைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. கேஸ் போடலாமா சார்? திருவனந்தபுரத்திலா, துபாயிலா?

பதில்: போடலாம். திருவனந்தபுரத்துக்கும் போக வேண்டாம், துபாய்க்கும் வேண்டாம், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே போதும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே மனுவாக்கிக் கொடுத்தால் பாதிக்கு மேல் அடிபட்டுப் போகும், ஏனென்றால் நான்கு விஷயமும் நான்கு விதம், ஆளும் வேறு வேறு.

முதலில் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அந்தப் புள்ளியை ஏஜென்ட் எடுத்துக்கொள்ளட்டும் என்று எப்போதாவது சொன்னீர்களா? அதற்குப் பதிலாக ஒரு டிக்கெட்டில் ஐந்நூறோ ஆயிரமோ குறைத்துத் தந்தாரா? நம்ம மாவட்டத்தில் இது நடக்கிற சங்கதிதான், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை பறக்கிறார்கள், புள்ளியை என்ன செய்வதென்று தெரியாது, ஏஜென்ட் கேட்டால் சரி என்றுவிடுகிறார்கள். பணத்துக்குப் புள்ளியைக் கைமாற்றுவதை அநேகமாக எல்லா விமான நிறுவனங்களின் விதிகளும் தடை செய்கின்றன. அப்படி ஏதாவது நடந்திருந்தால் இப்போதே உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள், எதிர்த்தரப்பு ஆணையத்தில் எடுத்துப் போடும்போது அவர் முதல் தடவையாகக் கேட்கக் கூடாது. நடக்கவில்லை என்றால் மேலே படியுங்கள்.

கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறது. ஆனால் கணக்கில் பதிவான மின்னஞ்சல் யாருடையது? விமான நிறுவனத்தின் ஆப்பில் "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று அழுத்திப் பாருங்கள், மறுபதிவுக் குறியீட்டை எந்த முகவரிக்கு அனுப்புகிறது என்று முதல் இரண்டு மூன்று எழுத்தைக் காட்டி மீதியை நட்சத்திரக் குறியால் மறைத்திருக்கும். அந்த எழுத்துகள் உங்கள் மின்னஞ்சலின் எழுத்துகள் இல்லாமல் டிராவல்ஸ் பெயரின் எழுத்துகளாக இருந்தால், ஓ.டி.பி. எல்லாம் இத்தனை வருடமும் யாருக்குப் போனது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அந்தத் திரையை உடனே படம் எடுத்து வையுங்கள், கணக்கு முடங்கியிருந்தாலும் சில ஆப்களில் இந்தப் பக்கம் வேலை செய்யும். பழைய இ-டிக்கெட்டுகளையும் தேடுங்கள், பயணி பெயருக்குப் பக்கத்தில் உறுப்பினர் எண் அச்சாகியிருக்கும். அது நிறுவனம் அனுப்பும் முழு பி.டி.எஃப்-ல் இருக்கும், ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் வெட்டி அனுப்பும் படத்தில் பல நேரம் இருக்காது.

இப்போது முக்கியமான இடம். செலவாகிப் போன 60,000 புள்ளிக்குப் பொறுப்பு ஏஜென்ட், முடக்கி ரத்து செய்த மிச்சப் புள்ளிக்குப் பொறுப்பு விமான நிறுவனம். இதைக் கலந்து எழுதாதீர்கள். செலவான புள்ளிக்கு விமான நிறுவனத்தைப் பிடித்தால், "கடவுச்சொல்லைப் பாதுகாப்பது உறுப்பினர் பொறுப்பு, சரியான ஓ.டி.பி. வந்தது, டிக்கெட் கொடுத்தோம்" என்று ஒரே வரியில் தப்பிவிடுவார்கள், அந்த வரியில் நியாயமும் இருக்கிறது. ஆனால் திருட்டுப் போனது என்று புகார் கொடுத்தவரிடமே, விளக்கம் கேட்காமல், அவகாசம் தராமல், மிச்சத்தையும் பறித்தார்களே, அங்கேதான் அவர்கள் மாட்டுகிறார்கள். அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி சேவைக் குறைபாடு என்று நன்றாகவே வாதிடலாம்.

புள்ளி எங்கள் சொத்து, உங்களுக்கு இலவசமாகக் கொடுத்தோம், எப்போது வேண்டுமானாலும் எடுப்போம் என்று நிறுவனம் சொல்லும். விதிப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கும். அதற்குப் பதில், இலவசமாக யாரும் கொடுக்கவில்லை, கட்டிய டிக்கெட் காசோடு சேர்ந்து வாக்களித்த சலுகை அது என்பதே. கம்பெனி செலவில் எடுத்த டிக்கெட்டாக இருந்தாலும் கவலை வேண்டாம், பணம் கட்டியவரின் சம்மதத்தோடு சேவையைப் பயன்படுத்துகிறவரும் சட்டப்படி நுகர்வோர்தான்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அந்த விதியே அநியாயம், காரணமில்லாமல் ஒருதலைப்பட்சமாக ரத்து செய்யலாம் என்கிற ஷரத்தைச் செல்லாது என்று அறிவிக்க வேண்டும் என்று மனுவில் எழுதினால், அது நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய வழக்காகிவிடும். அதை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை, மாநில ஆணையத்துக்குத்தான், அதாவது நமக்கு மதுரை அமர்வு. கோபத்தில் அந்த ஒரு பத்தியைச் சேர்த்ததால் நாகர்கோவிலில் மனு திரும்பிவிடக் கூடாது. சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்று இரண்டோடு நிறுத்துங்கள். கேட்கும் பரிகாரம்: மிச்சப் புள்ளியைத் திரும்பக் கணக்கில் வைக்க வேண்டும், அல்லது அதே நிறுவனம் புள்ளியை விற்கும் விலைக்குப் பணமாகத் தர வேண்டும். பல நிறுவனங்கள் தங்கள் தளத்திலேயே புள்ளியை விலைக்கு விற்கின்றன, அந்த விலைப் பக்கத்தை அச்செடுத்து இணைத்தால் புள்ளிக்கு மதிப்பில்லை என்று பிறகு அவர்களால் பேச முடியாது.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். சபையில் ஞாயிற்றுக்கிழமை முகம் பார்க்கிற ஆள், எப்படிப் புகார் கொடுப்பது என்ற உங்கள் தயக்கம் புரிகிறது. செய்தது என்ன என்று பார்த்தால் சின்ன விஷயம் இல்லை. இன்னொருவரின் கடவுச்சொல்லையோ அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உள்ள குற்றம். அதற்கு மேல், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு, ஏமாற்றுதல். ஆனாலும் என் கருத்து, முதலில் வக்கீல் நோட்டீஸ். 15 நாள் கெடு கொடுத்து, புள்ளியின் மதிப்பைப் பணமாகக் கேளுங்கள். நோட்டீஸ் கண்டதும் பாதிப் பேர் பேசத் தயாராகிவிடுவார்கள், உங்களுக்குத் தேவை பணம்தான், அவர் ஜெயிலுக்குப் போவது அல்ல. ஆனால் விசாரித்ததில் உங்கள் ஊரிலேயே இன்னும் நாலைந்து பேருக்கு இதே மாதிரி நடந்திருப்பது தெரிந்தால் சமாதானம் பேசாதீர்கள், எல்லோரும் சேர்ந்து மாவட்ட சைபர் கிரைம் போலீஸில் புகார் கொடுங்கள், 1930 என்ற எண்ணிலும் பதியலாம். "காலாவதி ஆயிட்டு" என்று அவர் சொன்னது குரல் பதிவாக வாட்ஸ்அப்பில் இருக்கிறதா? இருந்தால் அதுதான் உங்கள் கையில் உள்ள நல்ல சாட்சி, அழித்துவிடாதீர்கள். ரசீது தரமாட்டார் என்று தெரியும், கூகுள் பே கணக்கில் அவருக்குப் போன தொகைகளே போதும்.

சீட். இதில் நீங்கள் ஜெயிப்பீர்கள், ஆனால் வாட்ஸ்அப் சொன்ன தொகைக்கு இல்லை. அந்த 75 சதவீதம், பிசினஸ் கிளாஸுக்குப் பணம் வாங்கிக்கொண்டு எகானமியில் உட்காரவைப்பது மாதிரி வகுப்பைக் கீழே இறக்குவதற்கான இழப்பீடு. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2023 பிப்ரவரியில் கொண்டுவந்தது. உள்நாட்டுப் பயணத்துக்கு வரியோடு சேர்த்து டிக்கெட்டில் 75 சதவீதம், வெளிநாட்டுக்கு 1,500 கிலோமீட்டர் வரை 30, அதற்கு மேல் 3,500 வரை 50, அதையும் தாண்டினால் 75 சதவீதம். திருவனந்தபுரம்–துபாய் நடுவில் உள்ள 50-ல் வரும். உங்களுக்கு அது பொருந்தாது, எகானமியில் எடுத்தீர்கள், எகானமியில்தான் போனீர்கள். உங்களுக்குரியது 7,200 ரூபாயும், குழந்தையைப் பிரித்த மன உளைச்சலுக்கு ஒரு தொகையும். விமானம் மாறியதால் சீட் மாறியது என்பார்கள், மாறலாம், அந்த உரிமை அவர்களுக்கு உண்டு. விற்ற பொருளைக் கொடுக்காமல் விலையை வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. 12 வயது வரை உள்ள குழந்தைக்கு, ஒரே பி.என்.ஆர்-ல் (முன்பதிவு எண்ணில்) பயணம் செய்யும் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது சீட் தர வேண்டும் என்று அதே இயக்குநரகம் 2024 ஏப்ரலில் அறிவித்தது. அது இந்திய நிறுவனங்களை மனதில் வைத்துப் போட்டது, உங்களுடையது வளைகுடா நிறுவனம், ஆகவே அதை மட்டும் நம்பி மனுவைக் கட்டாதீர்கள். ஒரு 9 வயதுப் பையனைத் தனியே உட்காரவைப்பது சரியா என்ற கேள்விக்கு அதைத் துணையாகக் காட்டுங்கள். மூன்று பேரும் ஒரே பி.என்.ஆர்-ல் இருந்தீர்களா என்று முதலில் பாருங்கள், ஏஜென்ட் விலை குறைவுக்காகத் தனித்தனியாகப் போட்டிருந்தால் அந்தத் துணையும் ஆடும்.

லவுஞ்சை விட்டுவிடுங்கள். பல நிறுவனங்களில் சில்வருக்கு லவுஞ்சே கிடையாது, சிலவற்றில் அவர்களுடைய சொந்த விமான நிலையத்தில் மட்டும் உண்டு, அதுவும் கார்டுக்காரருக்கு மட்டும், குடும்பத்துக்கு இல்லை. கிரெடிட் கார்டில் இப்போது முந்தைய காலாண்டில் இத்தனை ரூபாய் செலவு செய்திருந்தால்தான் லவுஞ்ச் என்று பல வங்கிகள் வைத்துவிட்டன, நீங்கள் துபாயில் இருந்துகொண்டு இந்தியக் கார்டை எடுக்காமலே வைத்திருந்திருப்பீர்கள். அந்த நிபந்தனையை வங்கி உங்களுக்குத் தெரிவிக்கவே இல்லை என்றால் மட்டும் வங்கிக்கு எழுதுங்கள், 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை. ஒரு இட்லியும் காபியும் போன வருத்தத்தை இந்த மனுவில் சேர்த்தால் 60,000 புள்ளியின் கனமும் குறைந்துவிடும்.

எங்கே போடுவது என்று பயந்தீர்கள். பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பின் அலுவலகத்தையும் சம்பவம் நடந்த இடத்தையும் தேடி ஓட வேண்டியிருந்தது, இப்போது 2019 சட்டத்தின் 34-வது பிரிவு மனுதாரர் குடியிருக்கும் இடத்திலேயே தாக்கல் செய்ய விடுகிறது. நீங்கள் துபாயில் வசிப்பவர்தானே என்று ஆட்சேபம் வரும், அதற்காகத்தான் உங்கள் மனைவியையும் மனுதாரராகச் சேர்க்கச் சொல்கிறேன், சீட்டில் பாதிக்கப்பட்டவர் அவரும்தான். தவிர ஏஜென்ட் கடையே மார்த்தாண்டத்தில் இருக்கிறது, டிக்கெட் அங்கேதான் வாங்கினீர்கள். எங்கள் நாட்டு நீதிமன்றத்துக்குத்தான் அதிகாரம் என்று டிக்கெட் நிபந்தனையில் இருந்தால் அதைப் பார்த்து ஒதுங்காதீர்கள், நுகர்வோர் சட்டம் மற்ற பரிகாரங்களுக்குக் கூடுதலானது என்று 100-வது பிரிவு சொல்கிறது. வெளிநாட்டு அரசுக்குச் சொந்தமான நிறுவனம், மத்திய அரசின் அனுமதியில்லாமல் வழக்குப் போட முடியாது என்றும் ஒரு வாதம் வரலாம். எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் இதையே சொல்லித்தான் உச்ச நீதிமன்றம் வரை போனது, 2011-ல் அந்த வாதம் தள்ளுபடியாகி, நுகர்வோர் மன்றத்தில் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தீர்ப்பானது.

கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, ஆனால் இரண்டு எதிர்த்தரப்பு உள்ள இந்த மனுவை நீங்களே எழுத வேண்டாம். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி தளத்தில் இணையம் வழியாகத் தாக்கல் செய்யலாம், விசாரணையில் காணொளி வழியாகக் கலந்துகொள்ள அனுமதி கேட்கலாம், ஆக ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு எடுக்க வேண்டியதில்லை. ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பதிவு எல்லாவற்றுக்கும் பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவின்படி சான்று இணைத்துவிடுங்கள். விமான நிறுவனத்தின் கையில் உள்ள விவரங்களை, அதாவது புள்ளியை எந்தத் தேதியில், எந்த பி.என்.ஆர்-க்கு, யார் பெயரில் எடுத்தார்கள் என்பதை, இப்போதே எழுதிக் கேளுங்கள். அந்தரங்கம் என்று மறுப்பார்கள், மறுக்கட்டும், ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு, மறுத்த கடிதமே அதற்கு உதவும்.

காலக்கெடு 2 ஆண்டு. முடக்கியதும் சீட்டும் சமீபத்தில்தான், பிரச்சினை இல்லை. ஆனால் புள்ளி எடுத்த டிக்கெட் ஒன்று 2 ஆண்டுக்கு முந்தையதாக இருந்தால், இப்போதுதான் தெரியவந்தது என்பதைத் தேதியோடு விளக்கி, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் கூடவே வேண்டும்.

பிரமாணப் பத்திரத்தில் நீங்கள் துபாயிலிருந்து கையெழுத்திடுவதானால் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்புங்கள், இல்லை அடுத்த லீவு வரை பொறுக்க முடியும் என்றால் நேரில் வந்து போடுங்கள். இதற்கிடையில் ஏஜென்ட் அண்ணன் வீட்டுக்கு வந்து, "அடுத்த டிக்கெட் ஃப்ரீயா போட்டுத் தரேன், விட்டிரு" என்று உங்கள் மனைவியிடம் பேசுவார். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள், தொகையும் தேதியும் இல்லாத எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.