சூரியனுக்கு மிக அருகில் எடுத்த படம்: கண்காட்சிக்கு எதை வைப்பது?

கேள்வி: எங்கள் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு, நாசாவின் பார்க்கர் விண்கலம் எடுத்த சூரியப் படத்தைப் பெரிதாக அச்சிட விரும்புகிறோம். தேடினால் வெண்ணிறக் கீற்றுகளே கிடைக்கின்றன. தீப்பிழம்பாகத் தெரியும் மஞ்சள் வட்டப் படத்தை வைத்து, பார்க்கர் எடுத்தது என்று எழுதலாமா? (அறிவியல் ஆசிரியை, வடசென்னை)

பதில்: எழுத வேண்டாம், அந்த மஞ்சள் வட்டம் பார்க்கர் எடுத்ததாக இருக்கவே முடியாது. 2024 டிசம்பர் 24 அன்று சூரியப் பரப்பிலிருந்து ஏறத்தாழ 61 லட்சம் கிலோமீட்டர் வரை நெருங்கிய அந்த விண்கலத்தில், சூரியனை நேருக்கு நேர் பார்க்கும் கேமரா கிடையாது. சுமார் 11 சென்டிமீட்டர் தடிமனுள்ள கார்பன் கவசத்தின் நிழலில் ஒதுங்கி, அதன் ஒரே படக்கருவியான விஸ்பர் பக்கவாட்டில்தான் பார்க்கிறது. ஓட்டு இடுக்கில் விழும் வெயிலில் மிதக்கும் தூசி, பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிவதுபோல, சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவின் எலக்ட்ரான்கள் சிதறடிக்கும் சூரிய ஒளி அதற்குத் தெரிகிறது. நீங்கள் கண்ட கீற்றுகள், கொரோனாவிலிருந்து வெளியே பாயும் சூரியக் காற்றின், அதாவது மின்னேற்றத் துகள்களின் ஓட்டத்தின், கட்டமைப்புகள். சில படங்களில் குறுக்கே ஓடும் கூர்மையான கோடுகள் மட்டும், விண்கலத்தில் தூசி மோதித் தெறித்த துகள்களின் தடங்கள். அவை இல்லாத படமாகத் தேர்ந்தெடுங்கள்.

இந்தக் காற்றைப் பற்றி, விண்கலத்துக்குப் பெயர் தந்த விஞ்ஞானி யூஜின் பார்க்கர் 1958இல் எழுதிய கட்டுரையை மதிப்பீட்டாளர்கள் இருவர் நிராகரித்தபோது, அதை மீறி வெளியிட்ட இதழாசிரியர் நம் மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னைப் பள்ளி இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

முழு வட்டம் வேண்டுமென்றால், ஐரோப்பிய விண்வெளி முகமையின் சோலார் ஆர்பிட்டர் விண்கலம் 2022 மார்ச் 7 அன்று ஏறத்தாழ 7.5 கோடி கிலோமீட்டரிலிருந்து எடுத்த படத்தை வையுங்கள். அதன் கவசத்தில் கதவு பொருத்திய துளைகள் இருப்பதால், கருவிகளால் சூரியனை நேராகப் பார்க்க முடிகிறது. 25 படங்களை ஒட்டி உருவாக்கிய, 8 கோடிப் பிக்சலுக்கும் மேற்பட்ட அந்தப் படம், பெரிய பிளெக்ஸில் அடித்தாலும் உடையாது. ஆனால் அது கண்ணுக்குப் புலப்படாத புற ஊதா ஒளியில் எடுக்கப்பட்டது என்பதால், மஞ்சள் நிறம் பிறகு ஏற்றப்பட்டது என்று படக்குறிப்பில் எழுதிவிடுங்கள்.

ஆதித்யா எல்1 எவ்வளவு பக்கத்தில் போனது என்றும் பார்வையாளர்கள் கேட்பார்கள். ஒரு மீட்டர் நூலின் ஒரு முனையில் சூரியனையும் மறுமுனையில் பூமியையும் வைத்தால், பார்க்கர் சூரியனிலிருந்து நான்கு சென்டிமீட்டரில் வரும், சோலார் ஆர்பிட்டர் அந்தப் படத்தை எடுத்த இடம் நடுவில் வரும். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டரில் உள்ள ஆதித்யாவோ பூமியை ஒட்டி ஒரே சென்டிமீட்டரில்தான் இருக்கும். நெருங்கிப் போவதல்ல, கிரகணம் குறுக்கிடாமல் சூரியனை இடைவிடாது பார்ப்பதே அதன் வேலை.