ஆங்கிலத்தின் ஸ்ட்ரேஞ்ச், ஆட், வியர்ட், ஃபன்னி எல்லாவற்றுக்கும் லாட்வியனில் ‘தீவைன்ஸ்’ என்றே சொல்லலாமா?

சொல்லலாம், யாரும் அடிக்க வரமாட்டார்கள். ஆனால் பல இடங்களில் நீங்கள் சொல்ல வந்தது ஒன்று, அவர்கள் புரிந்துகொண்டது வேறு என்று ஆகிவிடும்.

கேள்வியைப் பார்த்தால் லாட்வியத் தலைநகர் ரீகாவில் மருத்துவமோ எஞ்சினியரிங்கோ படிக்கப் போனவர் மாதிரி தெரிகிறது. ஆங்கிலம் வழியாக லாட்வியன் கற்கிறீர்கள், சொற்பட்டியலில் ஆங்கில வார்த்தைக்கு எதிரே கமா போட்டு நாலு லாட்வியன் வார்த்தை இருக்கிறது, எதை எங்கே போடுவது என்று புரியவில்லை. அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் உச்சரிப்பு. தமிழ் எழுத்தில் அந்த ஒலிகள் அச்சு அசலாக வராது, அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இருந்தாலும் நமக்கு இரண்டு வசதி உண்டு. அவர்களுடைய ‘த’ நம்முடைய த போலப் பல்லில் படுவது, ஆங்கில ட இல்லை. குறில் நெடில் வேறுபாடும் நம்மைப் போலவே பொருளை மாற்றும். ‘காஸஸ்’ என்று நீட்டினால் கல்யாணம், ‘கஸஸ்’ என்று குறுக்கினால் வெள்ளாடுகள் என்று ஒரு சோடி வார்த்தை அங்கே பிரசித்தம். அழுத்தம் அநேகமாக எப்போதும் முதல் அசையில்தான்.

இப்போது விஷயம். அதிகம் பேர் தடுக்கி விழுகிற இடம் ஸ்ட்ரேஞ்ச். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு முகம்: விசித்திரமானது, முன்பின் தெரியாதது. லாட்வியனில் இரண்டும் தனித்தனி. விசித்திரத்துக்கு ‘தீவைன்ஸ்’, தெரியாததற்கு ‘ஸ்வெஷ்’. கதவைத் தட்டியது யாரோ தெரியாத ஆள் என்றால் ‘ஸ்வெஷ் த்ஸில்வேக்ஸ்’. அங்கே ‘தீவைன்ஸ் த்ஸில்வேக்ஸ்’ என்றால் ஆள் ஒரு டைப் என்று அர்த்தம், வீட்டுக்காரம்மா பயந்துபோவார். அறிமுகமில்லாதவன் ‘ஸ்வெஷினியெக்ஸ்’, அந்நிய மொழி ‘ஸ்வெஷ்வலுவொத’. எல்லாம் ஒரே வேரில் முளைத்தவை. கிறுக்குப் பிடித்த ஆளுக்கு ‘தீவைனிஸ்’ என்று தனிப் பெயர்ச்சொல்லே இருக்கிறது.

தெரியாத ஊர் ‘ஸ்வெஷ பில்ஸேத’. ‘தெரியாத ஊரில்’ என்பதற்குத் தனி உருபு எதுவும் கிடையாது, இரண்டு வார்த்தையிலும் கடைசி அகரத்தை நீட்டினால் போதும்: ‘ஸ்வெஷா பில்ஸேதா’. நம் ஆட்கள் எல்லாக் கடைசி அகரத்தையும் இழுத்துவிடுவார்கள், உடனே எழுவாய் போய் ‘இல்’ உருபு வந்து நிற்கும். ஆங்கிலத்தில் ‘தி’ போடுகிற இடத்துக்கும் தனிச் சொல் இல்லை, விகுதிதான் மாறும். யாரோ ஒரு விசித்திர ஆள் ‘தீவைன்ஸ்’, நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிற அந்த விசித்திர ஆள் ‘தீவைனைஸ்’. எதிரே இருப்பது பெண்பாற் சொல் என்றால் முறையே ‘தீவைன’, ‘தீவைனா’.

ஃபன்னிக்கு அதிசயமாக ஒரு சரியான சோடி இருக்கிறது: ‘யுவொத்சீக்ஸ்’. ஜோக் என்று பொருள்படும் ‘யுவொக்ஸ்’ என்பதிலிருந்து வந்தது. சிரிப்பும் உண்டு, ‘ஒரு மாதிரி’ என்ற பொருளும் உண்டு. பேச்சில் இந்த இரண்டாவதுதான் ஓங்கி நிற்கும். சந்தேகமில்லாமல் சிரிப்பைத்தான் சொல்கிறீர்கள் என்றால் ‘ஸ்மியெக்லீக்ஸ்’ போடுங்கள். நாம் ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்கிற இடங்களில் பெரும்பாலும் யுவொத்சீக்ஸ் கச்சிதமாக உட்காரும்.

வியர்டுக்கு அகராதிகள் ‘ஏர்மீக்ஸ்’ என்றும் தரும். அதைக் கொஞ்சம் பார்த்துப் பயன்படுத்துங்கள். ‘ஏர்ம்ஸ்’ என்றால் விகாரமான உருவம். அதிலிருந்து வந்ததால் கோமாளித்தனம், கோணங்கித்தனம் என்ற வாடை அதில் இருக்கும். ஒருவருடைய தொப்பியைச் சொன்னாலே முகம் சுருங்கும். சாப்பாட்டைச் சொல்லவே கூடாது. மேற்கு லாட்வியாவின் குர்ஸெமே பக்கத்து ‘ஸ்க்லந்த்ரௌஸிஸ்’ தட்டில் வருகிறது என்று வையுங்கள். ரை மாவுத் தட்டு, உள்ளே உருளைக்கிழங்கு மசியல், மேலே கேரட் மசியல், இனிப்பு வேறு. நம் நாக்குக்குப் புதுசு. அங்கே ‘நெபரஸ்த கர்ஷ’ என்று சொல்லித் தப்பிக்கலாம், வழக்கமில்லாத ருசி என்று பொருள். ‘பரஸ்த்ஸ்’ சாதாரணம், முன்னால் ‘நெ’ சேர்த்தால் அது இல்லை. திட்டும் இல்லை, பாராட்டும் இல்லை.

‘ஸவாத்ஸ்’ என்று இன்னொன்று. தீவைன்ஸைவிட மென்மையானது, கொஞ்சம் இலக்கிய வாசனை. ‘ஸவ்ஸ்’ என்றால் தன்னுடைய. தனக்கென்று ஒரு விதமாக இருப்பது என்று பிரித்துப் பார்க்கலாம். காரணம் சொல்ல முடியாத உணர்வு, பழைய நினைவு, இவற்றுக்கெல்லாம் இதுதான் அழகு. இதன் ஒப்பீட்டு வடிவமான ‘ஸவாதாக்’ பேச்சில் ‘வேறு மாதிரி’ என்று ஆகிவிட்டது. ஒருவர் ‘எஸ் துவொமாயு ஸவாதாக்’ என்றால் ‘நான் வேறு மாதிரி நினைக்கிறேன்’ என்கிறார், இன்னும் விசித்திரமாக நினைப்பதாகச் சொல்லவில்லை. காதால் கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், தேர்வுத் தாளில் மட்டும் எழுதாதீர்கள். மொழி ஆசிரியர்கள் ‘த்ஸிதாதி’ என்றுதான் திருத்துவார்கள்.

பெக்யூலியருக்குத் தருகிற ‘ஈப்பத்னேய்ஸ்’ உங்கள் இயற்பியல் புத்தகத்திலும் வரும், அங்கே விசித்திரம் எதுவும் இல்லை. ‘ஈப்பத்னேயா ஸில்தும்யெதில்பீப’ என்றால் தன்வெப்பம். தண்ணீருக்குச் சுமார் 4,200 ஜூல் என்று கணக்குப் போடுவோமே, அதேதான். ஒருவருடைய பாணி தனித்துவமானது என்று நல்லபடியாகச் சொல்ல ‘ஸௌதபீக்ஸ்’ இருக்கிறது.

ஆட் ஒரு தொல்லை. ஒற்றைப்படை எண் ‘நெபார ஸ்கைத்லிஸ்’, சோடி இல்லாதது என்ற கருத்து. கிடைத்த சில்லறை வேலைகள் ‘கதீயும தர்பி’. முப்பத்துச் சொச்சம் என்பதற்கு ‘த்ரீஸ்தெஸ்மித் அர் அஸ்தீதி’, அதாவது முப்பதும் ஒரு குட்டி வாலும். இவற்றில் எதிலுமே தீவைன்ஸ் நுழைய முடியாது.

அமானுஷ்யமாக இருப்பதைச் சொல்கிற ஆங்கில ‘ஈரி’க்கு, பேய் என்று பொருள்படும் ‘ஸ்புவொக்ஸ்’ வழியாக வந்த ‘ஸ்புவொத்சீக்ஸ்’ சரியாக வரும். இனம்புரியாத கலக்கம் தருவதைச் சொல்கிற ‘அன்கேனி’க்கு ஒரே வார்த்தை தேடாதீர்கள். உண்மையிலேயே பயம் என்றால் ‘பைஸ்’. மனசுக்கு ஏதோ சரியாகப் படவில்லை என்ற அளவில் என்றால் ‘மன் இர் நெஉவொமுலீகி’. கதகதப்பாக, நிம்மதியாக இருப்பது ‘உவொமுலீக்ஸ்’, இது அதன் மறுப்பு.

இதற்குக் கீழே ‘அங்கே ரஷ்யன் தெரிந்தால் போதுமே, 19 லட்சம் பேர் இருக்கிற நாட்டு மொழிக்கு எதற்கு இத்தனை மெனக்கெடல்’ என்று நிச்சயம் யாராவது எழுதுவார்கள். அந்த நாட்டு அரசியலமைப்பின் 4ஆம் பிரிவு அரசு மொழி லாட்வியன் என்று சொல்கிறது, மருத்துவமனையில் குறிப்பும் அதில்தான் எழுத வேண்டும். மொழிக்காக ஊர்வலம் போன நாமே இன்னொருவர் மொழியைத் தலை எண்ணிக் கழிப்பது எனக்கு ஆகவே ஆகாது. சரி, அது வேறு பஞ்சாயத்து.

எந்த வார்த்தையிலும் சந்தேகம் வந்தால் ‘தேஸௌர்ஸ்’ இணைய அகராதியைப் பாருங்கள். லாட்வியப் பல்கலைக்கழகத்தின் கணிதம், கணினி அறிவியல் நிறுவனம் நடத்துவது, 3 லட்சத்துக்கும் மேல் பதிவுகள், இலவசம். எதிரே என்ன அர்த்தம் போட்டிருக்கிறது என்பதைவிட எந்தப் பெயர்ச்சொல்லோடு சேர்ந்து வருகிறது என்று கவனியுங்கள். தேடும்போது நெடிலைக் காட்ட எழுத்தின் மேலே போடுகிற கோட்டையும் சேர்த்து எழுதுங்கள். போனில் எழுத்தை அழுத்திப் பிடித்தால் வரும்.

வாக்கிய அமைப்பில் தமிழ் கைகொடுக்கும். ‘மன் லியெகஸ் தீவைனி, க...’ என்றால் ‘எனக்கு விசித்திரமாகத் தோன்றுகிறது...’, ‘மன்’ அப்படியே நம்முடைய ‘எனக்கு’. ஆங்கிலத்தில் யோசிப்பவர்கள் ‘எஸ் எஸ்மு தீவைன்ஸ்’ என்று ஆரம்பிப்பார்கள், அது ‘நான் ஒரு கிறுக்கன்’ என்று போய் முடியும். உடம்பு ஒரு மாதிரி இருந்தால் ‘எஸ் யூதுவொஸ் தீவைனி’.

மருத்துவம் படிப்பவர் என்றால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளி ‘மன் பலிக யுவொத்சீகி’ என்றால் சிரிப்பு வந்தது என்று எழுதிவிடாதீர்கள், உடம்புக்கு ஏதோ ஒரு மாதிரி ஆனது என்கிறார். அது வெறும் பொதுச் சொல், என்ன என்று நீங்கள்தான் தோண்ட வேண்டும். தலை சுற்றுகிறதா என்று கேட்க ‘வை யும்ஸ் ரெய்ப்ஸ்த் கல்வ?’, குமட்டுகிறதா என்று கேட்க ‘வை இர் ஸ்லிக்த தூஷ?’