மட்டக்களப்புக் கல்லடி மணலில் கொத்தமல்லி: முளைத்த கையோடு பூத்துவிடுகிறது

கடையில் வாங்கிய மல்லியை வைகாசியில் சாடியில் போட்டதாகவும், பாதி முளைக்கவில்லை, முளைத்ததும் நாலு இலையோடு பூத்துவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். மண்ணைவிடக் காலம்தான் பெரிய காரணம். கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்றின் வெக்கையில் மல்லி இலை விடாது, விதை கட்டத்தான் அவசரப்படும். மார்கழி அடைமழை ஓய்ந்து தை பிறந்ததும் போடுங்கள்.

ஒரு மல்லியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அந்த உருண்டைக்குள் இரண்டு விதைகள் ஒட்டியிருக்கும். மேலே போத்தலை மெல்ல உருட்டினால் இரண்டாகப் பிளக்கும், நொறுங்கக் கூடாது. ஓர் இரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில், செடி நிற்கவேண்டிய இடத்திலேயே ஊன்றுங்கள். ஆணிவேர்ச் செடி, பிடுங்கி நட்டால் தாங்காது. முளைக்க இரண்டு மூன்று கிழமை ஆகலாம், அதற்குள் கிண்டிப் பார்க்காதீர்கள். வறுத்த மல்லி முளைக்கவே முளைக்காது.

மணலோடு மக்கிய மாட்டெருவும் தும்புத்தூளும் கலவுங்கள். மத்தியான வெயிலுக்கு ஒரு கிடுகு போதும். கிணற்றுத் தண்ணீர் உவரென்றால் இலை ஓரம் கருகும். மழைத்தண்ணீர் சேர்த்து வையுங்கள்.

இப்போது பூத்திருப்பதைப் பிடுங்கவேண்டாம். பச்சைக் காய் ரசத்துக்கு அவ்வளவு வாசம். முற்றியதைக் காயவைத்தால், தடிமனுக்கு வேர்க்கொம்போடு (சுக்கு) அவித்துக் குடிக்கலாம். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் மட்டும் மல்லித் தண்ணீரோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சோதியுங்கள், டெங்கு உள்ள ஊர்.

அப்புறம், தை வரை சாடி சும்மா கிடக்கவேண்டாம். துளசி விதையை மண்ணின் மேலேயே தூவி, ஈரம் காயாமல் பாருங்கள். வெக்கை அதற்குப் பிடிக்கும்.